யோபுவும் காட்டுக்கழுதையும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் 104ஆம் சங்கீதத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வரையாட்டுக்கு உயர்ந்த பர்வதம், குழிமுசலுக்குக் கன்மலை, கொக்குக்குத் தேவதாரு என்று கர்த்தர் ஒவ்வொரு ஜீவனுக்கும் இடம் ஒதுக்கிவைத்திருப்பதைப் பாடும் சங்கீதம் அது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சில கோபமானவை, சில துக்கமானவை. ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

டீச்சரம்மா, என் நண்பன் ஒருவன், "பூமியைக் கீழ்ப்படுத்துங்கள், ஆண்டுகொள்ளுங்கள் என்று உங்கள் பைபிள்தானே சொல்கிறது? காடு அழிந்ததற்கும் ஆறு கெட்டதற்கும் அந்த வசனமே காரணம்" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. (கல்லூரி மாணவர்)

தம்பி, நண்பன்மேல் கோபப்படாதீர்கள். இது பழைய குற்றச்சாட்டுதான். 1967இல் லின் ஒயிட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் ஏறக்குறைய இதையே சொன்னார். இயற்கை என்பது மனிதனின் உபயோகத்துக்காக மட்டும் இருக்கிறது என்ற எண்ணத்தை மேற்கத்திய கிறிஸ்தவம் வளர்த்துவிட்டது என்பது அவருடைய வாதம். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிற பலர் அதன் கடைசிப் பகுதிக்குப் போவதில்லை. அங்கே அவர் பறவைகளையும் மிருகங்களையும் சகோதரராகப் பாவித்த துறவி அசிசி பிரான்சிஸை நினைவுபடுத்தி, சூழலியலாளர்களுக்கு அவரே பாதுகாவலராக இருக்கட்டும் என்று முடிக்கிறார். 1979இல் போப் இரண்டாம் ஜான் பால் அதையே முறைப்படி அறிவித்தார். கிறிஸ்தவத்தின்மேல் குறை சொன்னவரே மருந்தையும் கிறிஸ்தவத்துக்குள்தான் தேடினார். இதை உங்கள் நண்பனிடம் சொல்லுங்கள்.

குற்றச்சாட்டில் உண்மை இல்லையா என்றால், இருக்கிறது. கிறிஸ்தவர்கள் வேதத்தைச் சில வேளைகளில் தவறாக வாசித்ததுண்டு என்று 2015இல் போப் பிரான்சிஸ் தமது சுற்றுமடலிலேயே எழுதினார். வசனத்தைப் பேராசைக்குச் சாட்சியாக இழுத்து வந்து நிறுத்தியவர்கள் எல்லா சபைகளிலும் இருந்திருக்கிறார்கள்.

இனி வேதத்துக்கு வருவோம். ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தை ஒரே மூச்சில் சத்தமாக வாசித்துப் பாருங்கள். மனுஷன் வருவதற்கு முன்பே தேவன் "நல்லது" என்று கண்டாயிற்று. வெளிச்சம் நல்லது, நிலமும் கடலும் நல்லது, பூண்டும் விருட்சமும் நல்லது, மீனும் பறவையும் நல்லது. அதைச் சொல்ல அவர் நமக்காகக் காத்திருக்கவில்லை. நமக்கென்று தனியாக ஒரு நாளும் இல்லை. காட்டுமிருகங்கள் உண்டான அதே ஆறாம் நாளில்தான் நாமும் வருகிறோம். பலுகிப் பெருகும்படியான ஆசீர்வாதம்கூட மீன்களுக்கும் பறவைகளுக்கும் முந்தின நாளே கிடைத்துவிட்டது. சரி, 28ஆம் வசனத்தில் "ஆண்டுகொள்ளுங்கள்" வருகிறது. அங்கே நிறுத்தாமல் 29, 30 வசனங்களையும் வாசியுங்கள். மனுஷனுக்கு இன்ன ஆகாரம் என்று சொன்ன கையோடு, மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் ஊருகிறவைகளுக்கும் பசுமையான பூண்டுகள் என்று தேவன் பங்கு வைத்துவிடுகிறார். ஆளுகை நம் கைக்கு வரும்போதே அவைகளின் சாப்பாடு எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது. அதில் கை வைக்க நமக்கு உரிமை தரப்படவில்லை.

ஆளுவது என்றால் என்னவென்று மற்றப் புத்தகங்களையும் கேட்க வேண்டும். உபாகமம் 17ஆம் அதிகாரத்தில் ராஜாவுக்குச் சட்டம் இருக்கிறது: குதிரைகளை ஏராளமாய்ச் சேர்க்கக் கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாய்ப் பெருகப்பண்ணக் கூடாது, சகோதரர்மேல் இருதயம் மேட்டிமையாகக் கூடாது. எசேக்கியேல் 34இல் மேய்ப்பர்களிடம் கர்த்தர், பலாத்காரமும் கடூரமுமாய் ஆண்டீர்கள் என்று நேருக்கு நேர் குற்றம் சாட்டுகிறார்.

இந்த விஷயத்தில் என்னை எப்போதும் நிறுத்திவைக்கிற இடம் யோவான் 13. பிதா எல்லாவற்றையும் தம்முடைய கையில் ஒப்புக்கொடுத்தார் என்று இயேசு அறிந்திருந்தார் என்கிறது 3ஆம் வசனம். எல்லாம், அதாவது வானமும் பூமியும். அதை அறிந்தவர் அடுத்த வசனத்தில் என்ன செய்கிறார்? போஜனத்தைவிட்டு எழுந்து, ஒரு சீலையை அரையிலே கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்க்கிறார். சர்வ அதிகாரமும் கையில் இருந்த இரவில் அந்தக் கை அழுக்குக் கால்களைக் கழுவியது. கிறிஸ்தவன் "ஆண்டுகொள்ளுங்கள்" என்ற வசனத்தை வாசிக்கும்போது இந்தக் காட்சியை விட்டுவிட்டு வாசிக்க முடியாது.

சீர்திருத்தவாதி கால்வின் 1554இல் வெளியிட்ட ஆதியாகம விளக்கவுரையையும் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனுஷன் வைக்கப்பட்டான் என்ற 2:15க்கு வரும்போது, நிலத்தை வைத்திருக்கிறவன் தன் கவனக்குறைவால் அதைச் சீரழிய விடாமல், பெற்றபடியோ அதைவிட நல்ல நிலையிலோ சந்ததிக்குக் கொடுக்கப் பிரயாசப்பட வேண்டும் என்கிறார். சுற்றுச்சூழல் என்ற பேச்சே எழாத காலத்து எழுத்து இது. நண்பனுக்கு இதையும் காட்டுங்கள்.

அம்மா, ஜெபத்தில் எப்போதும் "நான் ஒரு புழு, ஒன்றுமில்லாதவள்" என்றுதான் ஆரம்பிப்பேன். அப்படிச் சொல்லச் சொல்ல மனம் இன்னும் சோர்ந்துபோகிறது. மனத்தாழ்மை என்பது இதுதானா? (ஒரு சகோதரி)

சகோதரி, "நானோ ஒரு புழு, மனுஷனல்ல" என்பது 22ஆம் சங்கீதத்தில் வருகிறது. ஜனங்கள் பரியாசம் பண்ணி, எலும்புகளெல்லாம் கட்டுவிட்டு, தேவன் கைவிட்டதுபோல் இருந்த நேரத்தில் ஒருவர் கதறிய கதறல் அது. உங்களுக்கு அப்படிப்பட்ட வேதனை இருந்தால் அதே வார்த்தையில் தாராளமாகக் கதறுங்கள். ஆனால் தினமும் சொல்லிப் பழக வேண்டிய பாடமாக அது கொடுக்கப்படவில்லை. பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று மோசேயைப் பற்றி எண்ணாகமம் சொல்கிறது. அந்த மோசே பார்வோன் முன்னால் நிமிர்ந்து நின்றவர், ஜனங்களுக்காகக் கர்த்தரிடமே வாதாடியவர்.

மனத்தாழ்மை எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் யோபுவைத்தான் காட்டுவேன். யோபு புத்தகத்தில் 38 முதல் 41 வரை நான்கு அதிகாரங்கள். வேதபாட வகுப்பில் இவற்றை எடுக்கும்போதெல்லாம் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி வாசிக்கச் சொல்வேன், ஏனென்றால் கர்த்தர் யோபுவை அப்படித்தான் அழைக்கிறார்: "புருஷனைப்போல் இடைகட்டிக்கொள்; நான் உன்னைக் கேட்பேன்; நீ எனக்கு உத்தரவு சொல்லு." புழுவிடம் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள். பதில் சொல்லத் தகுந்தவன் என்று எண்ணித்தான் கர்த்தர் கேட்கிறார்.

பிறகு கேள்விகள். பூமியை அஸ்திபாரப்படுத்தியபோது நீ எங்கேயிருந்தாய்? மனுஷ சஞ்சாரமில்லாத வனாந்தரத்தில் மழை பெய்யச் செய்கிறவர் யார்? இந்த இரண்டாவது கேள்வியில் கொஞ்சம் தங்குங்கள். ஒரு மனுஷனும் இல்லாத இடத்தில் மழை பெய்கிறது. விதைத்தவன் இல்லை, அறுப்பவன் இல்லை, பார்த்து ரசிக்கவும் ஆள் இல்லை. ஆனாலும் அங்கே இளம்பூண்டு முளைக்க வேண்டும் என்று தேவன் விரும்புகிறார். நமக்குப் பயன்படாத ஒன்றின்மேல் அவருக்கு இவ்வளவு கரிசனை!

அப்புறம் மிருகங்கள் வருகின்றன. சிங்கம், காகம், வரையாடு, மான், காட்டுக்கழுதை, காண்டாமிருகம், தீக்குருவி (நெருப்புக்கோழி), குதிரை, ராஜாளி, கழுகு. இந்தப் பத்தில் மனுஷனுக்கு வேலை செய்வது குதிரை ஒன்றுதான். அதுவும் அவனுக்குப் பயந்து அடங்கி நிற்பதாக அங்கே சொல்லப்படவில்லை, எக்காளச் சத்தத்தைக் கேட்டுக் கனைக்கிறது. மற்றவையெல்லாம் நம் கணக்கில் எந்த உபயோகமும் இல்லாதவை. யோபு யாரென்று நினைத்துப் பாருங்கள். முதலாம் அதிகாரத்தில் அவருக்கு 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர்மாடுகள், 500 கழுதைகள். கழுதைகளைத் தன் வேலைக்கு வைத்திருந்த மனுஷர். அவரிடம் கர்த்தர் கேட்கிறார்: "காட்டுக்கழுதையைத் தன்னிச்சையாய்த் திரியவிட்டவர் யார்?" அது பட்டணத்தின் இரைச்சலை அலட்சியம் பண்ணுகிறது, ஓட்டுகிறவனுடைய கூக்குரலை மதிக்கிறதில்லை. 500 கழுதைகளுக்கு எஜமானாக இருந்தவருக்கு, எஜமான் இல்லாத ஒரு கழுதையைக் காட்டி, அதையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

இதில் அவமானம் எங்கே இருக்கிறது? நான் எவ்வளவு தேடியும் காணவில்லை. "பிகெமோத்தை நீ கவனித்துப்பார், உன்னை உண்டாக்கினதுபோல அதையும் உண்டாக்கினேன்" என்று 40ஆம் அதிகாரத்தில் ஒரு பெரிய மிருகத்தைக் காட்டிச் சொல்கிறார். யோபு ஒன்றுமில்லாதவர் ஆகிவிடவில்லை. பெரிய குடும்பத்தில் ஒருவர் ஆகிறார். பிள்ளைகளை இழந்து, சாம்பலில் உட்கார்ந்து, தன் வலியைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாமல் இருந்த ஒருவருக்கு, வரையாடு எப்போது ஈனும் என்று கர்த்தர் காட்டித்தருகிறார். உனக்கு ஏன் இந்தப் பாடு என்ற கேள்விக்கு அவர் கடைசிவரை காரணம் சொல்வதில்லை. சொல்லாமலே யோபு ஆறுதல் அடைகிறார்.

ஆகவே சகோதரி, நாளைய ஜெபத்தை உங்களைப் பற்றித் தொடங்காமல் அவருடைய கிரியைகளைப் பற்றித் தொடங்கிப் பாருங்கள். ஜன்னலில் வந்து உட்காரும் ஒரு பறவை போதும். அதற்காக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, பிறகு உங்கள் பாரத்தைச் சொல்லுங்கள்.

பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்து அழிந்துபோம் என்று 2 பேதுரு 3:10 சொல்கிறதே. எரியப்போகிற பூமியில் மரம் நடுவது வீண் வேலையல்லவா? அந்த நேரத்தில் ஆத்துமாக்களை ஆதாயம் பண்ணலாமே? (ஓய்வுபெற்ற ஊழியர்)

ஐயா, நீங்கள் வேதத்தை மதித்துக் கேட்கிறீர்கள், ஆகவே வேதத்திலிருந்தே சொல்கிறேன். அதே அதிகாரத்தின் 6ஆம் வசனத்தில் பேதுரு, நோவா காலத்து உலகம் ஜலப்பிரளயத்தினாலே அழிந்தது என்கிறார். அழிந்தது என்ற அந்த உலகத்தில்தான் பேழை தரைதட்டியது, ஒலிவமரம் துளிர்த்தது. நியாயத்தீர்ப்பு துன்மார்க்கத்தைக் கழுவியது, பூமி நின்றது. அந்த நியாயத்தீர்ப்பு வருகிறதென்று முன்கூட்டியே அறிந்த ஒரே மனுஷன் என்ன செய்தார்? ஒவ்வொரு ஜீவனிலும் ஜோடி ஜோடியாகச் சேர்த்துக் காப்பாற்றினார். அழிவு வருவது நிச்சயமென்று தெரிந்ததால்தான் அந்த வேலையே அவருக்குக் கொடுக்கப்பட்டது. பிரளயம் முடிந்து தேவன் செய்த உடன்படிக்கையும் நோவாவோடு மாத்திரம் இல்லை. பேழையிலிருந்து இறங்கிய பறவைகளோடும் நாட்டுமிருகங்களோடும் காட்டுமிருகங்களோடும் என்று ஆதியாகமம் 9 திரும்பத் திரும்பச் சொல்கிறது.

எரேமியாவையும் பாருங்கள். எருசலேம் விழும் என்று அவரே தீர்க்கதரிசனம் சொல்லிவிட்டார். பாபிலோன் சேனை நகரத்தை முற்றிக்கைபோட்டிருக்கிறது, அவர் காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்திலுள்ள ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கி, பத்திரத்தை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொல்கிறார். எதிரி மிதித்துக்கொண்டிருக்கிற நிலம் ஐயா! இனி இந்தத் தேசத்தில் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் கொள்ளப்படும் என்று கர்த்தர் சொன்னதற்காக அதைச் செய்தார்.

ஆத்தும ஆதாயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஒன்றைச் செய்ய மற்றதை விட வேண்டும் என்று எங்கே இருக்கிறது? நாம் அறிவிக்கிற கிறிஸ்து யார் என்று கொலோசெயர் முதலாம் அதிகாரம் சொல்கிறது: பூலோகத்திலுள்ளவைகள் பரலோகத்திலுள்ளவைகள் யாவையும் தம்முடைய சிலுவை இரத்தத்தினாலே ஒப்புரவாக்குகிறவர். ஆத்துமாக்களை மட்டும் என்று பவுல் எழுதவில்லை. இன்னொரு வசனமும் உண்டு, அதை வாசிக்கும்போது எனக்குப் பயம் வருகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 11:18இல் கோபாக்கினையின் காலத்தைச் சொல்லும்போது, பூமியைக் கெடுத்தவர்களைக் கெடுக்கவும் காலம் வந்தது என்று இருக்கிறது. எப்படியும் எரியும் என்று சொல்லிப் பூமியைக் கெடுத்தவர்கள் அந்த நாளில் என்ன பதில் சொல்வார்கள்?

எத்தியோப்பியாவில் பழைமையான ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களைச் சுற்றிக் காடுகளை விட்டுவைத்திருக்கிறார்கள். நாட்டின் வடபகுதியில் சுற்றிலும் எல்லாம் வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் ஆன பிறகு, மிஞ்சியிருக்கும் இயற்கைக் காடுகளில் பெரும்பகுதி ஆலயத்தை ஒட்டியவைதான். நித்திய ஜீவனை நம்பித் தொழுகிற ஜனங்கள்தான் அந்த மரங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள்.

எங்கள் நாய் இறந்துவிட்டது. மகள் சாப்பிடாமல் அழுகிறாள். அது பரலோகத்துக்குப் போகுமா என்று கேட்கிறாள். என்ன சொல்வது? (ஒரு தாய்)

முதலில் அவளை அழ விடுங்கள் அம்மா. பிறகு லூக்கா 12:6ஐ வாசித்துக் காட்டுங்கள். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகள். லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. அதாவது ஐந்தாவது குருவியைச் சும்மா போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காசு பெறாத அந்தக் குருவியையும் சேர்த்துத்தான் இயேசு சொன்னார்: "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை." ஒவ்வொரு நாயும் எங்கே போகும் என்று வேதம் விவரமாகச் சொல்லவில்லை, நாமும் குழந்தையிடம் இல்லாததைச் சொல்ல வேண்டாம். ஆனால் சிருஷ்டியும் அழிவுக்குரிய அடிமைத்தனத்தினின்று விடுதலையாக்கப்படும் என்று ரோமர் 8 சொல்கிறது. "உன் நாயை இயேசு மறக்கமாட்டார்" என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்.

பசியில் இருக்கிற மனுஷருக்கு உதவவே எங்கள் சபையில் ஆளும் பணமும் போதவில்லை. இதில் மரம், தண்ணீர், பறவை என்று புதிதாக ஒரு ஊழியம் தேவையா? தேவை என்றால் எங்கே ஆரம்பிப்பது? (சபைக் கமிட்டி உறுப்பினர்)

உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. புதிதாக ஒரு கமிட்டி போடும்படி நான் சொல்லமாட்டேன். எசேக்கியேல் 34:18, 19 வசனங்களை மட்டும் கமிட்டிக் கூட்டத்தில் வாசியுங்கள். கொழுத்த ஆடுகள் நல்ல மேய்ச்சலை மேய்ந்துவிட்டு மீதியை மிதித்துப்போடுகின்றன. தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியைக் கால்களால் குழப்பிவிடுகின்றன. மெலிந்த ஆடுகள் அந்த மிதிபட்ட புல்லைத்தான் மேய வேண்டும், அந்தக் கலங்கின தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். தண்ணீர் கெட்டால் முதலில் குடிக்க வழியில்லாமல் போகிறவர் ஏழைதான். நீங்கள் யாருக்கு உதவிக்கொண்டிருக்கிறீர்களோ அவர்களுடைய தண்ணீர் அது. ஓசியா 4ஆம் அதிகாரமும் அப்படியே: பொய்யும் கொலையும் களவும் பெருகியதால் தேசம் புலம்புகிறது, பறவைகள் தொய்ந்துபோகின்றன, கடலின் மச்சங்களும் வாரிக்கொள்ளப்படுகின்றன. மனுஷனுக்குச் செய்த அநியாயமும் மீனின் சாவும் தீர்க்கதரிசிக்கு ஒரே வழக்கு.

எங்கே ஆரம்பிப்பது என்றால், ஏற்கெனவே செய்கிறதிலிருந்து. ஐயாயிரம் பேர் சாப்பிட்டுத் திருப்தியான பிறகு, ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவைக்கச் சொன்னார் இயேசு. அப்பத்தை வேண்டிய மட்டும் பெருகச் செய்ய முடிந்தவர் சொன்ன வார்த்தை இது. உங்கள் சபைப் பந்தியில் எவ்வளவு சாப்பாடு கொட்டப்படுகிறது, எவ்வளவு தட்டும் டம்ளரும் ஒரே முறை பயன்படுத்தி எறியப்படுகின்றன என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், மடத்தின் பண்டசாலைப் பொறுப்பாளர் அங்குள்ள எல்லாப் பாத்திரங்களையும் பொருட்களையும் பலிபீடத்தின் பரிசுத்த பாத்திரங்களைப்போல் பாவிக்க வேண்டும் என்கிறார். மனத்தாழ்மைக்குப் பன்னிரண்டு படிகள் சொன்ன அதே ஒழுங்குதான் வாளியையும் மண்வெட்டியையும் அப்படிப் பார்க்கச் சொல்கிறது. உங்கள் சபையில் சமையல் பொறுப்பில் இருக்கிறவர்களை மேடைக்கு அழைத்து ஜெபித்து அனுப்பியதுண்டா? இல்லையென்றால் இந்த வருஷம் செய்யுங்கள்.

அடுத்தது நிலம். சபைக்கு நிலம் இருந்தால் லேவியராகமம் 25:23ஐ எழுதி அலுவலகத்தில் மாட்டுங்கள்: "தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால், நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம்; நீங்கள் பரதேசிகளும் என்னிடத்தில் புறக்குடிகளுமாயிருக்கிறீர்கள்." பத்திரம் நம் பெயரில் இருந்தாலும் நாம் அங்கே குடியிருக்க வந்தவர்கள்தான். ஒரு மரத்தை வெட்டுவதற்குக் கமிட்டி கையெழுத்துப் போடுவதற்கு முன், யுத்தகாலத்தில்கூடக் கனிமரங்களின்மேல் கோடரியை ஓங்கக் கூடாது என்ற உபாகமம் 20:19ஐ ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

ஆராதனையில் சேர்க்க நாள் வேண்டுமானால் செப்டம்பர் 1 இருக்கிறது. 1989இல் ஆர்த்தடாக்ஸ் சபையின் கான்ஸ்டான்டிநோப்பிள் முதுபெரும் தந்தை முதலாம் திமித்ரியோஸ் அதைச் சிருஷ்டிக்காக ஜெபிக்கும் நாளாக வைத்தார். 2015இல் கத்தோலிக்கத் திருச்சபையும் அதை ஏற்றுக்கொண்டது. அன்று தொடங்கி, அசிசி பிரான்சிஸின் நாளான அக்டோபர் 4 வரை பல சபைகள் சிருஷ்டியின் காலமாக அனுசரிக்கின்றன. அந்த வாரங்களில் ஒரு ஞாயிறு பிரசங்கத்தை யோனா 4:11இலிருந்து கேளுங்கள். நினிவேயைத் தாம் ஏன் தப்பவிடுகிறார் என்பதற்குக் காரணம் சொல்லும்போது கர்த்தர் 1,20,000 மனுஷரைச் சொல்கிறார், "அநேக மிருகஜீவன்களும்" என்று கூடவே சேர்த்துச் சொல்கிறார். சிறுபிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அந்தக் கடைசி வார்த்தைகளைப் பெரியவர்களைவிட அவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.